வர்ஜிலுக்குப் பிடிக்காமல் போன நல்ல துப்பாக்கி

"ஏங்க, உங்க துப்பாக்கி கக்கின கூடு என் காலருக்குள்ள விழுந்து சுடுது!"

"ஐயையோ! அதை... வெளிய எடுத்ததும் குடுத்துடுறீங்களா?"

துப்பாக்கிக் கடைக்குப் பின்னாலிருந்த சுடுதளத்தில் வர்ஜில் டேட்டம் கோரினிடம் பேசிய முதல் பேச்சு அது. ஒரு பெண் சூட்டில் துள்ளும்போது மன்னிப்புக் கேட்காமல் காலித் தோட்டாக் கூட்டைத் திருப்பிக் கேட்கிறவன், வீட்டில் அதே கூட்டில் தானே மறுபடி மருந்தடைத்துத் தோட்டா செய்கிறவனாகத்தான் இருப்பான். கோரினுக்கும் அதே பைத்தியம் என்பதால் அவன் கன்னம் தப்பியது. கழுத்தைத் தேய்த்துக்கொண்டே கூட்டை வெயிலில் பிடித்துப் பார்த்தவள், "நல்ல பித்தளை" என்றாள்.

அந்த நொடியே அவளைச் சாப்பிடக் கூப்பிட நினைத்தான். வாய் வரவில்லை. அதன்பின் சனிக்கிழமைதோறும் அவனுடைய கிழட்டுத் துப்பாக்கி அவள் பக்கமே கூடுகளை வீசும். இருவரும் மண்டியிட்டுப் பொறுக்குவார்கள். பேச்சு அவ்வளவுதான், அதுவும் தரையைப் பார்த்தபடி. இப்போது அந்தத் துப்பாக்கி உடைந்துவிட்டது.

துப்பாக்கிக் கடை டூயி, விலை குறைந்ததாக மூன்றை எடுத்துக்கொண்டு பின்பக்கச் சுடுதளத்துக்கு வந்தான். மூன்றிலும் வெளியே சுத்தியல் கிடையாது, உள்ளிருக்கும் ஊசியே பாய்ந்து தோட்டாவின் அடியில் அடிக்கும். முதலாவது கூட்டின் வாயை நசுக்கியது. இரண்டாவது அடிப்பக்கத்தை உப்ப வைத்தது. மூன்றாவதோ, விலையிலும் மலிவு, ஒரு கீறல்கூட விழாமல் கூடுகளை வர்ஜிலின் வலது குதிகாலருகே குவியலாகப் போட்டது.

"பாருய்யா! தொப்பியை வச்சா அதுலயே விழும். மருந்தடைக்கிறவனுக்கு இதைவிட என்ன வேணும்?"

வர்ஜிலின் முகம் தொங்கியது. கூடெல்லாம் காலடியிலேயே விழுந்தால், கோரின் பக்கம் போக என்ன காரணம் இருக்கிறது?

"பிடி சொரசொரங்குது" என்றான்.

"மத்ததும் அப்படித்தான்யா இருக்கு."

"கறுப்பா இருக்கு."

"துப்பாக்கிய்யா அது, கல்யாணக் கேக்கா?"

அப்போது கோரின் தன் பையோடு வந்து சேர்ந்தாள். டூயி அவளிடம் முறையிட்டான்: "இவனைக் கொஞ்சம் என்னன்னு கேளு கோரின். தங்கமான சாமானைக் கையில வச்சுக்கிட்டுக் குறை சொல்றான்."

அவள் வாங்கிச் சுட்டாள். குனிந்து பார்த்தவள் கண் விரிந்தது. "அடடா, கோழி முட்டை போட்ட மாதிரி ஒரே இடத்துல! வாங்கிடுங்க வர்ஜில். இனிமே என் பக்கம் வந்து குனியவே வேணாம்."

"அதான் எனக்குப் பிடிக்கல."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே கேட்டது. டூயி சட்டென்று கூரையைப் பார்க்கத் தொடங்கினான்.

"குனியறதா உங்களுக்குப் பிடிக்கும்?" கோரின் சிரிக்காமல் கேட்டாள். ஆனால் துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு, காதுக் கவசத்தையும் கழற்றிவிட்டாள். பதிலுக்குக் காத்திருக்கிறாள் என்பது அவனுக்கே புரிந்தது.

வர்ஜில் தன் கவசத்தைக் கழற்ற மறந்துபோனான். அதனால் அவன் தன்னையறியாமல் கத்திச் சொன்னது பக்கத்து இடங்களில் சுட்டுக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது.

"சுட்டு முடிச்சதும் தரையில எதையும் பொறுக்காம, ரெண்டு பேரும் நாற்காலியில உக்காந்து, ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கிட்டுச் சாப்பிடலாமா கோரின்?"