கருப்பட்டி தின்ற குதிரை

கார்க் கண்ணாடியில் வைப்பர் இரண்டும் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தன. மழை அப்படி. வெளியே என் மனைவி அமலி ஒரு செம்பட்டைக் குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொடுத்து, ஒரே எம்பில் மேலே ஏறி உட்கார்ந்தாள். வீட்டில் மாடிப்படி ஏறினாலே முட்டி வலிக்கிறது என்பவள்! ஏறி உட்கார்ந்ததும் குனிந்து அதன் காதில் ஏதோ சொன்னாள். என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். அந்தக் குதிரைக்கு டஸ்டி என்று பேர். அவள் ராசா என்றுதான் கூப்பிடுவாள். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் என்னை ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிட்டதில்லை.

ஆம்பிளை எவனாவது இருந்தால் சண்டையாவது போடலாம். குதிரையோடு என்ன செய்ய?

நாங்கள் குடியிருந்த ஐசலினிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில், நியூஜெர்சியின் மேட்டுப் பக்கம். தொண்ணூற்றேழு நவம்பர். அமலி வேலை பார்க்கும் குதிரை ஆஸ்பத்திரியின் முதலாளி டாக்டர் ஹாலோவே வருஷா வருஷம் நடத்தும் நரி வேட்டை அது. நரியைப் பிடிக்க மாட்டார்களாம், துரத்துவதோடு சரி. அதற்கு முப்பது நாய், இருபது குதிரை, ஆளாளுக்குக் கோட்டு, தொப்பி. வேலையத்தவர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தக் கூட்டத்திலேயே வேலை இல்லாதவன் நான் ஒருவன்தான் என்பது ஞாபகம் வந்து சும்மா இருந்துவிட்டேன்.

பாளையங்கோட்டையில் எனக்குப் பதினாலு வருஷ பேங்க் உத்தியோகம். மனைவியோடு அமெரிக்கா வர இரண்டு வருஷம் சம்பளமில்லாத லீவு. அது ஜனவரியோடு முடிகிறது. ஓக் ட்ரீ ரோட்டு டிராவல்ஸில் ஊர் திரும்ப இரண்டு டிக்கெட் சொல்லிவைத்திருந்தேன். திங்கட்கிழமை உறுதி சொல்ல வேண்டும். இரண்டா, ஒன்றா? அமலி பிடி கொடுக்கவில்லை.

"ஹன்ட் முடியட்டும். நான் ரைடு பண்ணுறதைப் பார்த்துட்டுத்தான் பெர்மனன்ட் பண்ணி கிரீன் கார்டு அப்ளை பண்ணுறதா, வேண்டாமான்னு ஹாலோவே சொல்லுவாரு. சாயந்திரம் உங்களுக்குப் பதில் சொல்லுதேன்."

காலையில் ஹாலோவேயின் மனைவி மார்ஜரி, காரில் பின்தொடரப் போகும் எனக்குச் சட்டதிட்டங்கள் சொன்னாள். காது கேளாதவனிடம் சொல்வது மாதிரி ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, உரக்கச் சொன்னாள். திறந்த கேட்டைச் சாத்து. நாய் குறுக்கே வந்தால் எஞ்சினை அணை. என்ன மழை பெய்தாலும் குதிரை பக்கத்தில் குடையை விரிக்காதே, மிரண்டுவிடும். நான் தலையாட்டினேன். அவள் அமலியிடம் திரும்பி, "இவருக்குப் புரிந்ததா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஹெட் ஆபீசுக்குப் பதினாலு வருஷம் ஆங்கிலத்தில் கடிதம் எழுதியவன் நான். பேசத்தான் வராது.

அதற்குப் பிறகு நாள் முழுக்க மண் சாலையில் காரை உருட்டிக்கொண்டு, மழைக்குள் அவளைத் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு மேட்டில் தெரிவாள், மறைவாள். ஒரு தடவை மரவேலி ஒன்றைக் குதிரையோடு தாண்டினாள். நான் பிரேக்கை மிதித்துவிட்டேன். வேப்பேரி கால்நடைக் கல்லூரியில் என்.சி.சி.யில் குதிரை ஓட்டினேன் என்று பெண் பார்க்கப் போனபோதே சொன்னாள். பாட்டுத் தெரியும், தையல் தெரியும் என்பார்களே, அந்தக் கணக்கில் எடுத்துக்கொண்டேன். வேலிக்கு அந்தப்பக்கம் இறங்கியதும் அவள் வாய்விட்டுச் சிரித்தது தெரிந்தது. என் வீட்டில் அந்தச் சிரிப்பு நடமாடியதே இல்லை. ஹாலோவே தொப்பியைத் தூக்கி அவளுக்கு ஆட்டினார். இரண்டு டிக்கெட்டில் ஒன்று என் கண் முன்னால் கிழிந்தது.

மூன்று மணி வாக்கில் நாய்கள் நரியின் வாடையைத் தவறவிட்டன. எல்லாரும் சாலையோரம் நின்றார்கள். அமலி குதிரையை என் காரருகே கொண்டுவந்தாள்.

"ஏங்க, ப்ளாஸ்க்ல காப்பி இருக்கா?"

"இருக்கு. இறங்கி கார்ல வந்து உக்காந்து குடி. தொப்பலா நனைஞ்சிருக்க."

"இறங்க நேரமில்ல. அந்தக் கருப்பட்டிய மட்டும் எடுங்க."

உடன்குடிக் கருப்பட்டி. அம்மா துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டதில் கடைசித் துண்டு. கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு கடுங்காப்பி குடிப்பது அமலிக்கு உயிர். அவளுக்காகவே ஒரு மாதமாக நான் தொடாமல் வைத்திருந்தது. ஒரு கையில் ப்ளாஸ்க் மூடி நிறையக் காப்பியும், மறு கையில் கருப்பட்டியுமாக மழையில் இறங்கி நீட்டினேன். கருப்பட்டியை மட்டும் வாங்கிக்கொண்டாள். அப்படியே குனிந்து குதிரையின் வாய்க்குக் கொடுத்தாள்.

"இந்தா ராசா. என் செல்லத்துக்குத்தான். இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துக்கோ, என்னா?"

அது நிதானமாக மென்றது. அவள் அதன் பிடரியில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். நான் காப்பியோடு நின்றேன். கேட்ட காப்பியை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பின்சீட்டில் குடை கிடந்தது. பட்டனை அழுத்தினால் படாரென்று விரிகிற குடை. மனைவி நனைகிறாளே என்றுதான் எடுத்தேன் என்று இன்றுவரை எல்லாரிடமும் சொல்லி வருகிறேன். பொய். மார்ஜரி சொன்னது சொல்லுக்குச் சொல் நினைவிருந்தது. பட்டனில் விரலை வைத்துக்கொண்டு அதை ஒருமுறை மனசுக்குள் சொல்லியும் பார்த்தேன்.

குதிரை இரண்டு காலில் நின்றது. முதல் தடவை அமலி தாக்குப்பிடித்தாள். இரண்டாவது தடவை ஈரச் சேணத்திலிருந்து வழுக்கி, இடது தோள் அடிபட, சேற்றில் விழுந்தாள். "மாதாவே!" என்று கத்தியது நான்தான். குதிரை கொஞ்ச தூரம் ஓடி வேலியோரம் நின்று நடுங்கியது.

ஹாலோவே வந்தார். மூஞ்சி ரத்தமாகச் சிவந்திருந்தது. யார் குடையை விரித்தது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அமலி எழுந்து உட்கார்ந்து, "நான்தான் கேட்டேன். என் தப்பு," என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

குதிரை மேல் உட்கார்ந்துகொண்டு குடை கேட்கிற குதிரை டாக்டரை அவர் ஏற இறங்கப் பார்த்தார். கை எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டுத் திரும்பிப் போனார். காலையிலிருந்து அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தைக் காணோம். அதற்குத்தானே ஆசைப்பட்டேன். கிடைத்துவிட்டது.

அமலி என் கையைப் பிடிக்காமல் எழுந்தாள்.

"காலைல மார்ஜரி சொன்னது உங்களுக்குப் புரிஞ்சுதுல்லா?"

"புரியல," என்றேன். "அவ என்ன வேகமா பேசுதா."

அமலி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் சேறு வழிந்துகொண்டிருந்தது. பிறகு என் கையிலிருந்த குடையை வாங்கி மடக்கிக்கொண்டு குதிரையை நோக்கி நடந்தாள்.

நாலு மணிக்கே இருட்டத் தொடங்கிவிடுகிற ஊர். அவள் பதில் சொல்கிறேன் என்ற சாயந்திரம் வந்துவிட்டது.

வேலியருகே அவள் குடையைத் தாழப் பிடித்து, பட்டனை அழுத்தி, படாரென்று விரியாமல் கையால் அடக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தாள். குதிரை பின்வாங்கியது. பொறுத்தாள். மறுபடி கொஞ்சம் திறந்தாள்.

"பாரு ராசா, குடைதான். ஒண்ணும் செய்யாது." திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் எனக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "தெரியாமப் பண்ணிட்டாரு."

குதிரை கழுத்தை நீட்டிக் குடைத் துணியை மோந்து பார்த்தது. வலிக்கிற கையை மார்போடு சேர்த்துக்கொண்டு, அவள் குடையை மெல்ல மேலே தூக்கி அதன் தலைக்குப் பிடித்தாள். நான் காரருகிலேயே நின்றேன். ப்ளாஸ்க் மூடியில் காப்பி எது, மழை எது என்று தெரியவில்லை. அது வழிந்துகொண்டிருந்தது.