விளக்குக்காரர் திரும்பிய பக்கம்

கலங்கரை விளக்கத்தின் கடைசி விளக்குக்காரர் கடலில் செத்து இருபது நாள் கழித்து டால்பினாகத் திரும்பி வந்தார். இப்போது அவரைப் பார்க்கப் பார்வையாளர் நேரம் மாலை நாலு முதல் ஆறு வரை, திங்கள் விடுமுறை. ஆள் அவர்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. படியேறுமுன் இரண்டு தடவை செருமுவது அவர் வழக்கம். டால்பினும் தண்ணீரை விட்டு எழும்புமுன் இரண்டு தடவை செருமியது. விளக்கைச் சுழற்றும் பல்சக்கரத்தில் சிக்கி இடது கட்டைவிரல் போனவர். டால்பினின் இடது துடுப்பிலும் ஒரு துண்டு இல்லை.

அவர் செத்த கதை சின்னது. கப்பல்களுக்கு இப்போது வானத்திலிருந்தே வழி தெரிகிறது, இன்று மாலை ஆறோடு விளக்கை நிரந்தரமாக அணைக்கவும் என்று மேலிடத்துக் கடிதம் வந்தது. மனிதர் கொதித்துப் போய், எதிர்க்கரை அலுவலகத்தில் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரப் படகை எடுத்தார். "நான் திரும்புற வரைக்கும் அணைக்காதே" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். மீறினால் குடியிருப்பைக் காலி செய்யச் சொல்வார்களே என்று பயந்து, ஆறு அடித்ததும் அவள் அணைத்தாள். ஆறரைக்கு மழை இருட்டில் திரும்பி வந்த அவர் படகு பாறையில் மோதிப் பிளந்தது. அந்தப் பாறையைக் காட்டி எச்சரித்தே இருபத்தாறு வருஷம் சம்பளம் வாங்கியவர். கொடுமைதான், வேறென்ன சொல்ல.

பிறகு மேலிடம் கலங்கரை விளக்கத்தைச் சரித்திரச் சின்னமாக்கி, விளக்கைக் கண்ணாடிக் கூண்டில் பூட்டி, அவளையே சுற்றிக்காட்டும் வேலைக்கு வைத்தது. இருநூற்றுப் பதினாறு படி ஏறி, மூச்சு வாங்க, இடது பக்கம் பாருங்கள், டால்பின், என்று தினமும் சொந்தப் புருஷனைக் காட்டினாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். வந்தவர்களுக்கெல்லாம் அவர் முகம் காட்டுவார். அவள் கைப்பிடி அருகே வந்தால் முதுகைத் திருப்பிக்கொள்வார். உயிரோடு இருந்தபோதும் கோபம் வந்தால் வாரக்கணக்கில் பேசாதவர்தான், ஆனால் ஏழு வருஷம் ரொம்ப அதிகம். போதாததற்கு அதே பாறையைச் சுற்றிச் சுற்றி வந்து, தினம் விலாவில் ஒரு புதுச் சிராய்ப்பு. ஒரே ஒரு தடவை முகத்தைப் பார்த்துவிட்டால் போதும் என்று அவள் ஏங்கிப் போனாள். ஒரு மாலை மட்டும் விளக்கை ஏற்றிக்கொள்ளட்டுமா என்று அதிகாரியைக் கேட்டாள்.

"அது சரித்திரச் சின்னம்மா. ஏத்தினா கெட்டுப் போயிடும்."

அணைத்ததற்குத்தானே கோபம், ஏற்றினால் தீர்ந்துவிடும் என்று நினைத்தாள். கூண்டின் பூட்டை உடைத்து, லென்ஸைத் துடைத்து, ஏற்றினாள். வெளிச்சம் ஒரு சுற்று வருவதற்குள் அவர் திரும்பினார். முழு முகம். வயதே ஏறவில்லை. "வாங்க" என்றாள் அவள். ஆனால் விளக்குக்காரருக்கு அந்த வெளிச்சத்தில் ஒரே அர்த்தம்தான் உண்டு: இங்கே பாறை, கிட்டே வராதே. இரண்டு தடவை செருமிவிட்டு, விதிப்படி இரண்டு மைல் விலகிப் போய் நின்றுகொண்டார். விளக்குக்காரர் பெண்டாட்டிக்கு இதுகூடத் தெரியாதா என்று ஊர் கேட்டது. தெரியும், ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

அதிகாரி வந்து கத்தினார். ஜனங்கள் ஏமாந்து போகிறார்கள், அணைத்தால் டால்பின் கிட்டே வரும் என்றார். வரும் என்று அவளுக்கும் தெரியும். நேரே பாறைக்குத்தான் வரும்.

"ஒரு தடவை அணைச்சது போதும் சார்" என்றாள்.

இப்போது இருட்டுமுன்பே விளக்கு எரிகிறது. அதிகாரியும் விட்டுவிட்டார்; தூரத்து டால்பினைப் பார்க்க மேலே ஒரு தொலைநோக்கி பொருத்தியிருக்கிறார்கள். விலாவில் காயமெல்லாம் ஆறிவிட்டது என்று பார்த்தவர்கள் அவளிடம் சொல்கிறார்கள். முதுகுதான் தெரிகிறது, எல்லாருக்கும்.