முதலாளிக்கு மாத்திரை கொடுக்கும் முறை

எங்கள் நாய் என்ன இனம் என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. காது ஒரு வம்சம், வால் வேறொரு வம்சம், கால்களில் யாரோ சிக்கனம் பிடித்திருக்கிறார்கள். ஆறு கிலோ எடை. தபால்காரரைக் கண்டால் புலி. விரித்த குடையைக் கண்டால் கட்டிலுக்கு அடியில். என் மனைவி அதற்கு வைத்த பெயர் முதலாளி. வீட்டில் மற்றவர்களுக்கு என்ன பதவி என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

முதலாளிக்கு இருமல் வந்தது. கால்நடை டாக்டரம்மா நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். இதய வால்வில் கசிவாம். காலையும் மாலையும் அரை மாத்திரை. "ஒரு வேளைகூட தப்பக் கூடாது. இது விளையாட்டு இல்ல" என்றார்.

வாயைத் திறந்து அடிநாக்கில் வைத்து விடலாம் என்றாள் மனைவி.

"அது வாயா, தபால் பெட்டியா? நீ தள்ளு" என்றேன்.

என் முறை நாகரிகமானது. அவித்த முட்டையின் மஞ்சள் கருவை உருட்டி அதற்குள் மாத்திரையைப் புதைப்பேன். முதலாளி பணிவாக வாங்கிக்கொண்டு சோபாவின் மூலைக்குப் போய் மெல்லும், வாலாட்டும். நான் சோபா பழுது பார்ப்பவன். கடைக்கு ஸ்பிரிங் மாற்ற வந்தவர்களுக்கெல்லாம் இந்த வித்தையை இலவசமாகக் கற்றுக் கொடுத்தேன்.

ஒரு வாரத்தில் இருமல் கூடியது. நாலு படி ஏறுவதற்குள் நின்று மூச்சு வாங்கியது.

"மாத்திரை உள்ள போகுதா?" என்றார் டாக்டரம்மா.

"என் கையால குடுக்கறேன் டாக்டர்." அவமானப்பட்டவன்போல் சொன்னேன்.

"அப்ப இந்த அளவு பத்தல. நாளைலேர்ந்து ரெண்டு மடங்கு. சிறுநீரகத்துக்குக் கொஞ்சம் ஆபத்துதான், வேற வழியில்ல."

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். "ஏங்க, அது முழுங்கினத பாத்தீங்களா?"

"மென்னத பாத்தேன்."

"நான் அத கேக்கல. அந்த சோபாவ திருப்புங்க."

ஊராரின் சோபாக்களைக் குடைந்து பார்த்த எனக்கு, என் வீட்டு சோபாவின் கைப்பிடிக்கும் இருக்கைக்கும் நடுவே அவ்வளவு பெரிய சந்து இருப்பது தெரியாது. கவிழ்த்து அடித்துணியைப் பிரித்தேன். பதினான்கு அரை மாத்திரைகள். மஞ்சள் கரு ஒரு பொட்டுகூட ஒட்டாமல் சுத்தமாக. முதலாளி பக்கத்தில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தது.

மனைவி நம்பரைப் போட்டு என் கையில் கொடுத்தாள்.

"டாக்டர், அந்த ரெண்டு மடங்கு வேண்டாம்."

"ஏன்?"

"ஒரு மடங்கே இன்னும் ஆரம்பிக்கல."

"வீட்ல வேற யாராவது இருக்காங்களா? போனை அவங்ககிட்ட குடுங்க."

அன்று மாலையிலிருந்து மருந்துத் துறை கைமாறியது. மனைவி வாயைத் திறந்து, உள்ளே வைத்து, மூடி, தொண்டையைத் தடவுகிறாள். மூன்று நொடி. எனக்குப் பின்னங்கால்களைப் பிடிக்கும் வேலை. அதிலும் இரண்டு முறை திட்டு வாங்கினேன்.

ஆறாம் நாள் மதியம், நூல் தீர்ந்துவிட்டது என்று கடையில் பொய் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். முதலாளி சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தது. குனிந்து அதன் நெஞ்சில் காதை வைத்தேன். எனக்கு வால்வும் தெரியாது, கசிவும் தெரியாது. அது கண்ணைத் திறக்காமலே உறுமியது. நீளமாக, நடுவில் ஒரு இருமல்கூட இல்லாமல்.

மறுபடி காதை வைத்தேன்.