மாமாவின் குளிசை

மொன்றியல் தமிழரில் வெட்கம் என்ற உறுப்பே இல்லாமல் பிறந்தவன் நான் ஒருவன்தான். கல்லூரி நையாண்டி இதழில் அதிபரைக் கோமாளியாக வரைந்தேன். கூப்பிட்டுக் கண்டித்தார். அந்தப் படத்தில் அவரிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பினேன். ஆகவே நகுலேஸ்வரன் மாமாவோடு வைத்தியரிடம் போக அம்மா என்னைத் தேர்ந்ததில் வியப்பில்லை. மாமாவுக்கு எச்ஐவி இருப்பது அம்மாவுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும்.

வைத்தியர் பிரெஞ்சில் சொன்னதை நான் தமிழாக்கினேன்.

"கழுத்துக் கட்டி லிம்போமாவாம், மாமா. புற்றுநோய். எச்ஐவி நேரா செய்யேல்லை. சின்ன வயசில எச்சிலால தொத்துற வேறொரு வைரஸ் இருக்கு. அநேகமா எல்லாருக்குள்ளையும் நித்திரை கொள்ளும், எனக்குள்ளையும்தான். எச்ஐவி உடம்பின்ர காவல்காரரை அடிச்சு விழுத்தினா அது எழும்பிடுமாம்."

"காவலுக்குத்தானே குளிசை போட்டனான்."

"போட்டனீங்கள். பேந்து ஏன் விட்டனீங்கள்?"

மாமா தரையைப் பார்த்தபடி சொன்னார். வீட்டுக்குக் கிட்ட உள்ள பார்மசியில் போன வருடம் துஷாந்தினி வேலைக்குச் சேர்ந்திருந்தாள். கோயிலில் தேவாரம் பாடுகிற பிள்ளை. அன்றிலிருந்து அவர் அந்தப் படி ஏறவில்லை. வேறு பார்மசிக்கு மாற்றவும் இல்லை. மாற்றினால் ஏன் என்று கேட்பார்களாம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒரு தேவாரப் பிள்ளைக்குப் பயந்தே உயிரை விடப் பாக்கிறியள்?"

என்ன சொன்னாய் என்று வைத்தியர் கேட்டார். அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

கீமோ அடுத்த கிழமை. எச்ஐவிக் குளிசையைத் திரும்ப இன்றைக்கே தொடங்க வேண்டும் என்று சீட்டு எழுதித் தந்தார்.

"நான் எடுத்துத் தாறன். காருக்குள்ள இருங்கோ," என்றேன்.

அதே பார்மசிக்குள் நுழைந்தேன். துஷாந்தினி என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தாள். "நிதுசன்! மாமாவைக் கோயில் பக்கம் காணேல்லை. சுகமே?"

"ஓம் அக்கா, சுகம்."

"ஆருக்கு மருந்து?"

சீட்டு கோட்டுப் பைக்குள் இருந்தது. விரல்கள் அதைப் பிடித்திருந்தன, வெளியே எடுக்கவில்லை. பின்னால் நின்ற கிரேக்கக் கிழவர் இருமினார். அவள் நல்லவள். உண்மையான அக்கறையோடு கேட்டாள். அதுதான் பெரிய கரைச்சல்.

"எனக்குத்தான், அக்கா. தொண்டை நோ."

கைக்கெட்டிய தொண்டை மிட்டாய்ப் பெட்டியை எடுத்து வைத்தேன்.

"தொப்பி போடாமல் பனிக்குள்ள திரிஞ்சா அப்பிடித்தான்," என்று செல்லமாக ஏசினாள்.

வெளியே வந்தேன். மாமா என்னைக் கண்டதும் கார்க் கண்ணாடியை இறக்கிக் கையை நீட்டினார். விரிந்த உள்ளங்கையில் பனி விழுந்து கரைந்துகொண்டிருந்தது.