கவனம் என்று எழுதிய கை

1.

இந்தக் கதை என்னுடையதல்ல, என் நாத்தனாருடையது. பாத்திரம் துடைத்துக்கொண்டே சொல்லி முடித்துவிட்டு, "அண்ணி, இதை எழுதிடாதீங்க" என்றாள். நான் தலையாட்டினேன். எழுத மாட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. [என் நேர்மையின் லட்சணம் இவ்வளவுதான். முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.]

2.

இப்படித் தொடங்கினேன்: "அன்று காலை அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேபில் கூட்டம் அலைமோதிக்கொண்டு—"

வேண்டாம். கூட்டமே இல்லை. அவளுக்குச் சாக்கு தேடித் தருகிறேன்.

வந்தவர்கள் இரண்டே பேர். ஒரு பஸ் டிரைவர், ஒரு தையல்காரம்மா. அடுத்தடுத்து ரத்தம் எடுத்தாள். இரண்டு ட்யூபிலும் பெயர் ஒட்ட வேண்டியதுதான் பாக்கி. அப்போது மேலாளர் கதவு வழியாகத் தலையை நீட்டினார்.

"எல்லாரும் குடுத்தாச்சு. உன் தாள் மட்டும்தான் வரல."

ஊழியர்களுக்கு ஏதோ பயிற்சி. 'என்னிடமுள்ள மூன்று நற்குணங்கள். அவற்றை அன்றாடம் எங்கே கடைப்பிடிக்கிறேன்?' என்று ஒரு தாள். நின்றவாக்கில் எழுதினாள்: நேர்மை, பொறுமை, கவனம். கொடுத்துவிட்டு வந்து லேபிள்களை ஒட்டினாள்.

(கவனம் என்று எழுதப் போன நேரத்தில் கவனம் பிசகியதா? கதைக்காக நான் ஜோடித்தது என்பீர்கள். அவள் சொன்னதே அப்படித்தான்.)

3.

மறுநாள் டிரைவர் ரிப்போர்ட் வாங்க வந்தார். செருப்பு வாரைக் கடைசி ஓட்டைக்குத் தள்ளியும் பாதம் அடங்கவில்லை, அப்படி வீங்கியிருந்தது. ரிப்போர்ட்டிலோ சிறுநீரகத்தில் ஒரு குறையும் இல்லை.

"நல்லாத்தானே இருக்கு, மேடம்? வீட்ல பயந்துட்டே இருக்காங்க."

அன்று காலையிலேயே தையல்காரம்மா வாங்கிப் போன ரிப்போர்ட்டில்தான் எண்கள் எகிறியிருந்தன. மூன்று மாடி மூச்சு வாங்காமல் ஏறி வந்த அம்மா அவர்.

டிரைவர் படியிறங்கிப் போன பிறகு நாத்தனார் முந்தின நாளைத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். இடப்பக்கம் இருந்தது டிரைவருடைய ட்யூப். இல்லை, தாளைக் கொடுக்கப் போகும்போது ட்யூப் தாங்கியைத் திருப்பி வைத்தாளே? திருப்பினாளா? அதே ரத்தத்தை மறுபடி சோதித்துப் பயனில்லை. யாருடைய ரத்தம் என்பதல்லவா கேள்வி.

மேலாளரிடம் போனாள். அவரை வில்லனாக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. அக்கறையோடுதான் பேசியிருக்கிறார்.

"உனக்கே உறுதியாத் தெரியலையேம்மா. கால் வீங்க ஆயிரம் காரணம் இருக்கு. ரெண்டு பேரையும் கூப்பிட்டா உன் வேலையும் போகும், நம்ம பேரும் போகும்."

"தெரியலைங்கிறதுதான் சார் பிரச்சினை."



"நீ என்கிட்ட எதுவும் சொல்லல" என்று அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

4.

"அம்மா, உங்க ரிப்போர்ட்ல ஒரு சந்தேகம். என் தப்பா இருக்கலாம். மறுபடி ரத்தம் எடுக்கணும்."

மறுமுனையில் தையல் மெஷின் நின்றது.

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையா?"

"தெரியலம்மா. இருந்தாலும் இருக்கலாம்."

"விஷயம் தெரிஞ்சதிலேர்ந்து ஒரு வாய் சாப்பிடல நான். இப்ப இருந்தாலும் இருக்கலாங்கிறியே, மனசாட்சி இருக்கா உனக்கு?"

'அந்தக் கேள்வி அவள் நெஞ்சில் ஊசியாக—' [அடித்துவிட்டேன். அவள் அழவில்லை. அடுத்த எண்ணை அழுத்தினாள், அவ்வளவுதான்.]

டிரைவர் திட்டவே இல்லை. "வீட்ல இப்ப என்ன சொல்லட்டும்?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருக்கலாம்.

5.

அடுத்த நாள் காலை இருவரும் வந்தார்கள். ஊசியை எடுக்குமுன் அவரவர் லேபிளை அவரவரையே படிக்கச் சொன்னாள். பிறகு எந்திரத்தை ஓட விட்டாள். நாற்பது நிமிடம்.

ஒரு முடிவு: ட்யூப் மாறித்தான் இருந்தது. டிரைவருக்கு உரிய நேரத்தில் வைத்தியம். இன்னொன்று: எதுவும் மாறவில்லை. வீணாக இரண்டு குடும்பங்களின் தூக்கம் கெட்டது, அவள் வேலையும் போனது.

எது நடந்தது என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். முதலாவதைச் சொன்னால் அவளை உத்தமி என்பீர்கள், இரண்டாவதைச் சொன்னால் அசடு என்பீர்கள். போனை எடுத்தபோது அவள் கையில் இரண்டுமே இல்லை. உங்களுக்கு மட்டும் எதற்கு?

காத்திருப்போர் அறையில் அவள் சுவரோரம் நின்றாள். தையல்காரம்மா பக்கத்து நாற்காலியிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நாப்பது நிமிஷமும் நிக்கப் போறியா? உக்காரு."