ஒரு விரற்கடை இடம்

கறுக். கறுக்.

தகரம் வெட்டும் கத்தரி உள்ளங்கையைச் சிவக்கக் கடித்தது. திருப்புளி மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு அழுத்து அழுத்தினாள். கம்ப்யூட்டர் கேபினெட்டின் முன்பக்கத்தை அடைத்துக்கொண்டிருந்த ஹார்டு டிஸ்க் கூண்டு, ஒரு காலை இழந்து சாய்ந்தது. இன்னும் கால்கள் பாக்கி இருந்தன. நேரம்தான் இல்லை.

"என்னம்மா, கம்ப்யூட்டர் கட்டுறியா, கோழிக்கூண்டு பிரிக்கிறியா?" எதிர் மேசையிலிருந்து அண்ணன் குரல் கொடுத்தான்.

"உன் பெட்டிய நீ பாரு."

"நான் பாத்து முடிச்சாச்சு. இனிமே நீங்கதான் பாக்கணும்."

அவன் சுவிட்சைத் தட்டினான். கண்ணாடிக் கேபினெட்டுக்குள் சிவப்பும் ஊதாவும் பச்சையுமாக விளக்குகள் ஓடின. கடையில் டெலிவரி பார்க்கிறவர் கைதட்டியே விட்டார். "முதலாளி, சீரியல் செட்டே போட வேணாம். கல்யாண மண்டபத்துக்கு வாடகைக்கு விட்டுரலாம்."

திருப்புளி நிமிரவில்லை. கறுக்.

கொண்டையில் எப்போதும் ஒரு திருப்புளியை, ஸ்க்ரூ டிரைவரைத்தான், செருகிக்கொண்டு திரிகிறவளை வேறு எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது? அந்தத் திருப்புளிக்கு வேலை கிடைப்பதுதான் அபூர்வம். கம்ப்யூட்டர் கடை அண்ணனுடையது. அவளுக்கு அவன் ஒதுக்கியிருந்த இடம் வாசலை ஒட்டிய பில் கவுண்டர். பில் போட வேண்டும். போனை எடுக்க வேண்டும். புதுக் கம்ப்யூட்டர் வாங்கிப்போய், "படமே வரலீங்க" என்று பதறுகிறவர்களுக்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். உள்ளறையில், ஜன்னலோரமாக, நல்ல வெளிச்சத்தில் கிடந்த, கம்ப்யூட்டர் கட்டுகிற அசெம்பிளி மேசையை மட்டும் அவள் தொடக் கூடாது. அது அண்ணனின் சிம்மாசனம்.

அந்த மேசைக்காகத்தான் இன்றைய பந்தயம்.

ஆரம்பித்து வைத்தது கடை போனுக்கு வந்த ஒரு மெசேஜ். 'உங்க கடைக்குப் பக்கத்துக் கூடத்துல கேம் சென்டர் திறக்கப்போறேன். ஏ.சி. கிடையாது. காலையில ஆன் பண்ணா சாயங்காலம் வரைக்கும் ஓடணும். ஒரு மெஷினுக்கு இவ்வளவுதான் பட்ஜெட். சாம்பிள் கட்டிக் காட்டுங்க. பிடிச்சா கூடம் நிறைய உங்ககிட்டதான் வாங்குவேன்.'

அனுப்பியவர் பெயர் இல்லை. பக்கத்துக் கூடத்தின் கண்ணாடிகளில் உள்பக்கமாகப் பழைய பேப்பர் ஒட்டியிருந்தது. யார் எடுத்திருக்கிறார்கள் என்று கேட்டால் கட்டட உரிமையாளர் சிரித்துவிட்டு நழுவினார். "பெரிய பார்ட்டிதான். விசாரிச்சுட்டேன்" என்றான் அண்ணன். யாரிடம் விசாரித்தான் என்பது அவனுக்கே வெளிச்சம்.

பட்ஜெட்டைப் பார்த்ததுமே சண்டை மூண்டது.

"எட்டு கோர் ப்ராசஸர் போடுறோம்" என்றான் அண்ணன். "கண்ணாடி கேபினெட், கலர் ஃபேன். பசங்க வாசல்லயே விழுந்துருவாங்க."

"அதுக்கே பாதி காசு போயிடும். கேம் ஓடுறது கிராபிக்ஸ் கார்டுல. படம் வரையுறது அதுதான். அதுல கை வைக்காத."

"நீ பில்லு போடு."

மாடியில் கர்ட்டன் தைக்கிற அண்ணி, அப்போது டீ பிளாஸ்க்கோடு வந்தவள், "சண்டை எதுக்கு? அதே காசுக்கு ஆளுக்கொண்ணு கட்டுங்க. வாங்குறவங்க பாத்து எடுத்துக்கட்டும்" என்றாள்.

அண்ணனுக்கு அது இனித்தது. "சரி. இவ ஜெயிச்சா அசெம்பிளி மேசை இவளுக்கு. தோத்தா பில் கவுண்டர்லயே கிடக்கணும். பார்ட்ஸ் பத்தி இனிமே மூச்சு விடக் கூடாது."

"எழுதிக் குடுப்பியா?"

"என் வாய்ச்சொல்லு போதும். உங்க அண்ணிதான் சாட்சி."

இரண்டு சாம்பிள் காட்டுகிறோம் என்று பதில் அனுப்பியதும் போனில் ஒப்புதல் வந்தது. கூடவே ஒரு நிபந்தனை: 'பில் போட்ட பிறகு எதையும் மாத்தக் கூடாது.'

திருப்புளி மனக்கணக்குப் போட்டாள். காசின் பெரும்பங்கை கிராபிக்ஸ் கார்டுக்குக் கொடுத்தாள். ப்ராசஸர், போன வருஷத்து மாடல். அதிலும், சொந்தமாகப் படம் காட்டத் தெரியாத மலிவு ரகம். ரேம் ஒரே பெரிய துண்டாக இல்லாமல் இரண்டு சின்னத் துண்டுகள். ஜோடியாகப் போட்டால் வேகம் கூடும். பவர் சப்ளையில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. மிச்சத்துக்குக் கிடைத்தது, குடோன் மூலையில் தூசி படிந்து கிடந்த சாதாரணத் தகரக் கேபினெட்.

எல்லாம் பொருந்திய பிறகு, கார்டை உள்ளே இறக்கினாள். இறங்கவில்லை. மூக்கு போய்க் கூண்டில் முட்டியது. ஒரே ஒரு விரற்கடை இடம் குறைந்தது.

'கேபினெட் அளவு பாத்துட்டு கார்டு வாங்குங்க சார்' என்று கவுண்டரில் வருகிற ஒவ்வொருவரிடமும் தொண்டைத் தண்ணி வற்றச் சொல்கிறவள் அவள். சொல்லிச் சொல்லி, தனக்குச் சொல்லிக்கொள்ள மறந்துவிட்டாள்.

"கார்டை மாத்திக்கயேன்" என்று அண்ணன் இழுத்தான். "அடடா, மாத்தக் கூடாதுல்ல?"

கூண்டோ ரிவெட் அடித்தது, கழற்ற முடியாது. அவள் மதர்போர்டை அப்படியே வெளியே எடுத்து அட்டைமேல் வைத்தாள். "அண்ணி, கர்ட்டன் கம்பி வளையம் வெட்டுவீங்களே, அந்தக் கத்தரி..."

கேட்டு முடிக்கும் முன்பே அண்ணி அதை நீட்டியிருந்தாள். அவள் நகக்கண்ணில் நீலப் பெயிண்ட்.

"என்ன அண்ணி, பெயிண்டு?"

"பூந்தொட்டிக்கு அடிச்சேன். நீ வேலையப் பாரு."

கறுக். கடைசிக் கால் முறிந்து, கூண்டு டணார் என்று தரையில் விழுந்தது. முனைகளை அரத்தால் தேய்த்தாள். தகரத் தூள் ஒன்று மதர்போர்டில் விழுந்தாலும் கதை முடிந்தது. காந்தத்தை ஓட்டி, ஒட்டும் டேப்பால் மூலை முடுக்கெல்லாம் ஒற்றி எடுத்து, ஊதிப் பார்த்து, மறுபடி ஒற்றினாள். மதர்போர்டு ஏறியது. கார்டு வெண்ணெயாக இறங்கியது. கேபிள்களைக் குத்தினாள், மூடியைத் திருகினாள், சுவிட்சைத் தட்டினாள்.

ஃபேன் சுற்றியது. மானிட்டர் கறுப்பு.

திரும்பத் தட்டினாள். கறுப்பு.

"போச்சுடா" என்றார் டெலிவரிக்காரர், மெதுவாகத்தான்; ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

அண்ணன் நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டினான். "பில் புக்கு கவுண்டர்லதான் இருக்கு. பேனாவும் பக்கத்துலயே இருக்கு."

வெட்டும்போது ஏதாவது அறுந்ததா? தூள் விழுந்ததா? ரேம் சரியாக உட்காரவில்லையா? கடை போன் சிணுங்கியது. 'ரெண்டும் ரெடியா? டெஸ்ட் ஆரம்பிக்கலாமா?'

பின்னால் நின்றுகொண்டு தன் செல்போனை நோண்டிக்கொண்டிருந்த அண்ணி, நிமிராமலே சொன்னாள். "கேபிள மேல குத்தியிருக்கியே. கீழ குத்திப் பாரேன்."

திருப்புளிக்குச் சட்டென்று உறைத்தது. அவசரத்தில் மானிட்டர் கேபிளை மதர்போர்டில் குத்தியிருந்தாள். அவள் வாங்கிய மலிவு ப்ராசஸருக்குத்தான் படம் காட்டத் தெரியாதே! கேபிளைப் பிடுங்கிக் கீழே, கிராபிக்ஸ் கார்டில் செருகினாள்.

மானிட்டர் பளிச்சென்று விழித்தது.

"உங்களுக்கு எப்படி அண்ணி தெரியும்?"

"தெனமும் போன்ல அதத்தானே கத்துற. 'மேல இல்ல சார், கீழ.' மாடி வரைக்கும் கேக்குது."

அண்ணனின் கால் தானாக மடங்கிக்கொண்டது.

டெஸ்ட் ஆரம்பித்தது. ஜன்னலைச் சாத்தி, ஏ.சி.யை அணைக்கச் சொல்லிப் போனில் உத்தரவு வந்தது. இரண்டு பெட்டியிலும் ஒரே கார் பந்தயம், ஒரே பாதை. ஒரு நொடியில் எத்தனை படம் வரைகிறது என்பது மூலையில் எண்ணாக ஓடும். எண் ஏற ஏற ஓட்டம் வழுக்கும். அண்ணன் கண்ணாடிப் பெட்டியில் உட்கார்ந்தான். திருப்புளியின் பெட்டியில் டெலிவரிக்காரர். "எனக்கு ஸ்கூட்டர்தான் ஓட்டத் தெரியும்" என்று சொல்லிக்கொண்டே முதல் வளைவில் வேலியை இடித்தார்.

ஊருக்கு வெளியே, காலிச் சாலையில், இரண்டும் சரிசமமாக ஓடின. "பாத்தியா?" என்றான் அண்ணன்.

பாதை நகரத்துக்குள் நுழைந்தது. மழை கொட்டியது. நனைந்த ரோட்டில் ஆயிரம் விளக்குகள் மின்னின. கண்ணாடிப் பெட்டியின் எண் படியில் உருளும் குடம்போல இறங்கியது. விளக்குக்குக் காசைக் கொட்டிவிட்டு, மிச்சத்தில் வாங்கிய அவன் கிராபிக்ஸ் கார்டுக்கு மூச்சு வாங்கியது. கார் தவ்வித் தவ்வி நகர்ந்தது. டெலிவரிக்காரர் ஓட்டிய கார், இடித்த அடியோடு, வெண்ணெயில் கத்தியாகப் போய்க்கொண்டிருந்தது.

"இது மழைதான். மழை விட்டா சரியாயிடும்."

மழை விட்டது. சரியாகவில்லை. மூடிய அறை வெந்தது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி; கலர் ஃபேன்கள் இழுக்கக் காற்று எங்கே இருக்கிறது? உள்ளே இருந்த சூட்டையே சுற்றிச் சுற்றிக் குடித்து அவை ஊளையிட ஆரம்பித்தன. எண் இன்னும் சரிந்தது.

அண்ணன் தகரப் பெட்டியின் மேல் கை வைத்துப் பார்த்தான். வெதுவெதுப்புதான். குனிந்து முன்பக்கத்தைப் பார்த்தான். கூண்டு இருந்த இடம் வெறும் வழியாகத் திறந்து கிடந்தது. வெளிக் காற்று தடையில்லாமல் நேராகக் கார்டின் முகத்தில் போய் அடித்துக்கொண்டிருந்தது.

"நீ வெட்டின இடம்தான்..." என்றான்.

"அளவு பாக்காம வாங்கினேன். அது என் தப்பு" என்றாள் திருப்புளி. "வெட்டினப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது. இனி கட்டுற எல்லாத்துலயும் கூண்டை வெட்டிடுவேன்."

"சத்தமும் கம்மியா இருக்குல்ல?" என்றாள் அண்ணி. "நாள் முழுக்க உக்காந்து கேக்கிறவளுக்குத் தலைவலி வரக் கூடாது. சரி, எனக்கு வேலை கிடக்கு." பின்கதவு வழியாகப் போய்விட்டாள்.

அண்ணன் சுவிட்சை அணைத்தான். கலர் விளக்குகள் அவிந்தன. கொஞ்ச நேரம் அசெம்பிளி மேசையை உள்ளங்கையால் தடவிவிட்டு, மேலே கிடந்த தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் குடிநீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டான். "மேசை உன்னோடது. டிராயர் லேசா இழுக்கும். தூக்கிவிட்டு இழு."

டெலிவரிக்காரர் இந்த முறை நிஜமாகவே கைதட்டினார். திருப்புளி கொண்டையிலிருந்து திருப்புளியை உருவி, மேசைமேல் டக்கென்று வைத்தாள். அது அங்கே இருப்பதைப் பார்க்கவே கண்ணுக்கு நிறைவாக இருந்தது.

கடை போன் சிணுங்கியது. அண்ணன் வாய்விட்டுப் படித்தான். "'தகரப் பெட்டிதான் எனக்கு வேணும். நேர்ல வர்றேன்.'" படித்தவன் நெற்றியைச் சுருக்கினான். "நாம இன்னும் ரிசல்ட்டே அனுப்பலையே. இவருக்கு எப்படித் தெரியும்?"



வாசல் கதவு திறந்தது. பில் கவுண்டரில் இருந்த மணியை யாரோ டிங்கென்று தட்டினார்கள். அண்ணன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடினான். "வாங்க, வாங்க, உங்களுக்காகத்தான்..."

கவுண்டருக்கு அந்தப் பக்கம் அண்ணி நின்றாள்.

"நீயா? கஸ்டமர் வர்ற நேரம். மாடிக்குப் போம்மா."

அண்ணி கவுண்டர்மேல் ஒரு சாவியை வைத்தாள். அதில் நீலப் பெயிண்ட் தீற்றியிருந்தது. பக்கத்திலேயே தன் செல்போனையும் வைத்தாள். கடைக்கு வந்த மெசேஜ்கள் எல்லாம், ஒன்று விடாமல், அதில் வரிசையாக நின்றன.

"பக்கத்துக் கூடம் என்னோடது" என்றாள். "கர்ட்டன் தைச்ச காசு. உங்க கண்ணுக்கு அது எப்பவும் சில்லறை. முன்னாடியே சொல்லியிருந்தா கண்ணாடிப் பெட்டிய என் தலையில கட்டியிருப்பீங்க. உங்களுது நல்லா ஓடியிருந்தா உங்களுதைத்தான் எடுத்திருப்பேன். போடுற காசு என்னோடதாச்சே."

அண்ணன், வேறு வழி தெரியாமல், பில் கவுண்டர் ஸ்டூலில் உட்கார்ந்தான். பேனாவை எடுத்தான்.

"கஸ்டமர் பேர் என்னன்னு போடட்டும்?"

"பேரெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான்" என்றாள் அண்ணி. "பக்கத்துல ஓனர்னு போடுங்க."