எதிர் வாசல்காரர்

"டிரைவர் மாமாவுக்குப் போன் அடிச்சா எடுக்க மாட்டாரும்மா. ஞாயித்துக்கிழமைன்னா அதை வீட்லயே வச்சிட்டுத்தான் கிளம்புவாரு."

"அப்ப யாராச்சும் நேர்ல போய்த்தான் சொல்லணும்."

"நான் போறேன்."

"போ. போய்ச் சொல்லிட்டு வா." அம்மா அலமாரியின் முன்னால் முதுகைக் காட்டியபடி நின்றிருந்தாள். அப்பாவின் வெள்ளைச் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, காலரைத் திருப்பிப் பார்த்து, கட்டிலின்மேல் போட்டுக்கொண்டிருந்தாள். "ஆனா கூட்டிட்டு வந்துடாதே."

வாசலுக்குத் திரும்பிய மகள் அப்படியே நின்றாள்.

"என்னம்மா சொல்றே?"

"மலை ஏறாதேன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா? நீதானே மாத்திரை எடுத்துக் கொடுத்தே, உனக்குத் தெரியாதா? வாராவாரம் பாறை, பாறைன்னு வரவழைச்சு, ஏத்தி ஏத்தி..." ஒரு சட்டையை உதறினாள். "நாலு மணிக்கு எடுக்கறாங்க. அதுக்குள்ள அவன் இங்க வந்து நின்னான்னா நான் என்ன பேசுவேன்னு எனக்கே தெரியாது. சொல்லிட்டேன்."

அதற்குமேல் அங்கே பேச இடமில்லை. கூடத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் சோபாவைச் சுவரோடு தள்ளிக்கொண்டிருந்தார்கள். விடிவதற்குச் சற்று முன் ஆஸ்பத்திரியில் இறந்துபோன அப்பா மதியத்துக்குள் வீடு வந்து சேர்ந்துவிடுவார். அவருக்கு இடம் வேண்டும்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். வாழ்நாள் முழுக்க மேலேயும் கீழேயுமாகப் போய்வந்த மனிதர். "வாரத்துல ஒரு நாளாவது குறுக்கே நடக்கணும்டி, இல்லேன்னா மனுஷன் லிஃப்ட் ஆயிடுவான்" என்பார். நண்பர் பஸ் டிரைவர். அவர்கள் பழகிய கதையை இருவரும் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். டிப்போ ஆபீஸ் லிஃப்டில் டிரைவர் மாட்டிக்கொண்டார், அப்பா போய்க் கதவை நெம்பித் திறந்தார் என்பது வரை இரண்டு கதையும் ஒன்று. "உள்ளே அழுதுட்டிருந்தான்" என்பார் அப்பா. "பஸ் நின்னா இறங்கி நடக்கலாம், உன் டப்பா நின்னா எங்கடா இறங்கறதுன்னு நாலு வார்த்தை கேட்டேன், பதிலே இல்லை" என்பார் டிரைவர். அன்றிலிருந்து அப்பாவுக்கு அவர் 'பிரேக்கு'. அவருக்கு அப்பா 'டப்பா'. இரண்டு பேருக்கும் தலை நரைத்தும் அந்தப் பெயர்கள் நரைக்கவில்லை.

நகரத்தின் நடுவே யாரோ கைமறதியாக விட்டுவைத்தது போலிருக்கும் அந்தக் காட்டுப்பூங்கா. ஒரு காலத்தில் கல்லுடைத்த இடம். தோண்டிய பள்ளம் ஏரியாகிவிட்டது, தோண்டாமல் விட்ட பாதி மலையாக நிற்கிறது, நடுவில் யாரையும் கேட்காமல் மரங்கள் வளர்ந்துவிட்டன. அதற்கு இரண்டு வாசல். ஒன்று அப்பாவின் வீட்டுப் பக்கம், இன்னொன்று டிப்போ பக்கம். நண்பர்கள் இருவரும் சேர்ந்து நடக்கப் போனவர்கள்தான், ஆனால் சேர்ந்து நடந்ததேயில்லை. அப்பா அவருடைய வாசலில் நுழைவார், டிரைவர் அவருடைய வாசலில் நுழைவார். எதிரெதிரே நடந்து வருவார்கள். எங்கே பார்த்துக்கொள்கிறார்களோ அங்கே உட்கார்ந்து கொண்டுவந்ததைத் தின்பார்கள், ஒருவரை ஒருவர் திட்டுவார்கள், பிறகு எந்த வாசல் கிட்டே இருக்கிறதோ அதன் வழியாக வெளியே வந்து ஆளுக்கொரு பஸ் ஏறிவிடுவார்கள். இதென்ன நடை என்று அம்மா கேட்டால், "கூடவே நடந்தா ஒருத்தன் முன்னாடி போவான், ஒருத்தன் பின்னாடி வருவான். எதுக்கு வம்பு?" என்பார் அப்பா. பெரும்பாலும் மலை உச்சியிலிருக்கும் தட்டைப் பாறையில்தான் சந்திப்பு. போன ஞாயிறுகூட, "பாறை வரைக்கும் போயிட்டு வர்றேன்" என்றுதான் தொப்பியை எடுத்தார்.

பூங்கா வாசலில் காவலாளி அவளை அடையாளம் கண்டுகொண்டு, "அப்பா இன்னும் வரலையேம்மா?" என்றார். அவள் "ஆமா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே நடந்தாள். சொல்ல வேண்டிய முதல் ஆள் அவர் இல்லை என்று தோன்றியது.

வாசலை அடுத்துக் கொஞ்ச தூரம் சமதரை. மரநிழலில் ஒரு சிமெண்ட் பெஞ்சு. ஒரு பெண் நாயின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போனில் யாரையோ வறுத்தெடுத்துக்கொண்டிருந்தாள். அதைத் தாண்டியதும் கல்படிகள் தொடங்கின. வளைந்து வளைந்து மேலே ஏறி இலைகளுக்குள் மறைந்தன. அவள் ஏறத் தொடங்கினாள். முதல் வளைவிலேயே மூச்சு முட்டியது. இந்தப் படிகளையா அந்த இதயத்தை வைத்துக்கொண்டு ஏறினார்? மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள் அவள். அந்த மாத்திரைகள் எதற்கு என்று அவளுக்குத் தெரியும், அந்த இதயத்தால் எவ்வளவு முடியும் என்றும் தெரியும். கைப்பிடிக் கம்பியைப் பற்றியபடி நின்றாள். அப்பாவின் மேல் கோபம் வந்தது, கூடவே ஒரு பெருமையும். எமகாதகர்தான். அம்மா சொன்னதும் நியாயம்தான். ஒரு நண்பன் என்றால் போதும்டா, உட்கார் என்று சொல்ல வேண்டாமா? அதைத்தான் அந்த மனிதரிடம் கேட்க வேண்டும், செய்தியைச் சொன்ன கையோடு கேட்டுவிட வேண்டும் என்று வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே மேலே பார்த்தாள்.

டிரைவர் மாமா இறங்கி வந்துகொண்டிருந்தார்.

நண்டு மாதிரி பக்கவாட்டில். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, நல்ல காலை முதலில் அடுத்த படியில் வைத்து, மடங்காத காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்து, நின்று, மூச்சு விட்டு, மறுபடியும். தோளில் பை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஆபரேஷன் ஆன முழங்கால். சமதரையிலேயே விந்தி நடக்கிறவர்.

"யாரது, மருந்துக்கடையா?" அவர் அவளைப் பார்த்துவிட்டார். "என்ன, உங்கப்பன் ஆளனுப்பிட்டானா? பார்த்தியா அவன் சாமர்த்தியத்தை! முன்னெல்லாம் செருப்பு கடிக்குதும்பான், தொப்பி பறந்துடுச்சும்பான். இப்ப பொண்ணையே அனுப்பறான்."

"மாமா..."

"வராதே, மேல வராதே. நீ ஏறி நான் இறங்கி எதுக்கு ரெண்டு பேருக்கும் வேலை? நில்லு அங்கேயே."

அவள் நிற்கவில்லை. மேலே போய் அவர் பக்கத்தில் கையை நீட்டினாள்.

"கையெல்லாம் வேண்டாம். டிரைவரைக் கைபிடிச்சு இறக்கினாங்கன்னு டிப்போவே சிரிக்கும்." அடுத்த படியில் கால் நடுங்கியது. "சரி, குடு. யாரும் பார்க்கலை."

அவருடைய கை சுடச்சுட ஈரமாக இருந்தது. அவருடைய பாதி எடை அவள் தோளில் இறங்கியது. படியில் ஒற்றைக் காலில் நிற்கிறவரிடம் சொல்லக்கூடிய செய்தியா அது? கீழே போகட்டும், தரையில் கால் வைக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள். வாயைச் சும்மா வைத்திருக்க முடியாமல், கேட்க நினைத்ததையே வேறு விதமாகக் கேட்டாள்.

"பாறைகிட்டதானே பார்த்துக்குவீங்க? இவ்ளோ தூரம் ஏன் இறங்கி வர்றீங்க?"

"பாறையா?" சிரித்தார். "அதெல்லாம் எப்பவோ. உனக்கு விஷயமே தெரியாதா? கல்லுளிமங்கன், வீட்லகூடச் சொல்லலையா!" ஒரு படி. "ஒரு நாள் நான் பாறைக்கு வர்றேன், ஆளைக் காணோம். சரி பார்ப்போம்னு இந்தப் பக்கம் இறங்கினா, மேல் வளைவுல உக்காந்துட்டிருக்கான். என்னடான்னேன். இங்க காத்து நல்லாருக்குன்னான்." இன்னொரு படி. "அடுத்த தடவை நடு வளைவு. அங்க ஏதோ குருவி. அதுக்கப்புறம் அடிப்படி. இப்ப கீழ, பெஞ்சுதான். அந்தப் பெஞ்சுல என்னடா இருக்குன்னு கேட்டா, வாசல் பக்கம், பஸ்ஸுக்கு வசதிங்கறான். டிரைவர்கிட்டயே பஸ் கதை!"

"அப்ப அப்பா... ஏறறதே இல்லையா?"

"ஒரு படிகூட இல்லை. மாசக்கணக்காச்சு."

அவளுக்குள் கோத்து வைத்திருந்த வார்த்தைகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. ஏரியைச் சுற்றி, மலையேறி, மலையிறங்கி, இந்தக் காலை வைத்துக்கொண்டு வாராவாரம் வந்தவர் இவர்.

"நீங்க அப்பாவோட வாசலுக்கே நேரா பஸ்ல வந்திருக்கலாமே மாமா. டிப்போலேருந்து நேர் பஸ் இருக்கே."

அவர் நின்றார். மூச்சு வாங்குவதற்காக நின்றாரா, யோசிக்க நின்றாரா தெரியவில்லை.

"அவன் வாசல்ல போய் இறங்கினா நான் அவனைப் பார்த்துக்க வந்தவன் ஆயிடுவேனே பாப்பா. எதிர்ல நடந்து வந்தா, சந்திக்க வந்தவன்." கம்பியில் விரலால் தட்டினார். "இந்தக் காலை அறுத்த வருஷம் அவன் அப்படித்தான் பண்ணினான். நான் டிப்போ வாசல்ல இருக்கிற குழாயைத் தாண்ட மாட்டேன், அங்கயே தண்ணி குடிக்கிற மாதிரி நின்னுட்டிருப்பேன். அவன் மலையைத் தாண்டி, ஏரியைத் தாண்டி அங்க வந்து நிப்பான். கால் எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேட்கலை. இன்னிக்கு வேகமா நடந்துட்டேன்டா பிரேக்கும்பான். நாக்கு வெளிய தொங்கும், ஆனா அதைத்தான் சொல்லுவான்."

கடைசிப் படியில் இருவரும் சேர்ந்து இறங்கினார்கள். அவர் அவள் கையை விட்டுவிட்டுச் சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டார். பையை நேராக்கினார். நொண்டல் தெரியாமல் நடக்கிறவரைப் போல முதுகை நிமிர்த்திக்கொண்டு வளைவைத் தாண்டினார்.

பெஞ்சு காலியாக இருந்தது.

"எங்க போய்ட்டான்? தண்ணி வாங்கவா?" என்று வாசல் பக்கம் பார்த்தார்.

"உக்காருங்க மாமா."

அவர் உட்காரவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பெஞ்சின் விளிம்பைத் தடவித் தேடி, மெதுவாக உட்கார்ந்தார்.

"எப்ப?"

"விடியறதுக்கு முன்னாடி."

நாய்க்காரப் பெண் இன்னும் போனில் பேசிக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போனாள். நாய் அவருடைய பையை முகர்ந்தது. அவர் அதன் தலையைத் தட்டிக் கொடுத்தார்.

"ரொம்ப வலிச்சுதா அவனுக்கு?"

"மூச்சுதான் வாங்கிச்சு. ஆம்புலன்ஸ்ல பேசிட்டுத்தான் வந்தாரு. ஆஸ்பத்திரி லிஃப்ட்ல ஸ்ட்ரெச்சரை ஏத்தும்போது, கதவுச் சத்தம் சரியில்லை, இவனுங்க எண்ணெயே போடறதில்லைன்னாரு. அதுக்கப்புறம் பேசலை."

டிரைவர் மாமா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். மரத்திலிருந்து எதுவோ பறந்தது. "எண்ணெயா! படுத்துட்டே சொன்னானா?" என்று சிரித்தார், துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டும் சிரித்தார். சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. தோள்கள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தன.

அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். நெடுஞ்சாலைச் சத்தம் மரங்களுக்கு அப்பால் ஓர் ஆறு போல ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை பெரிய நகரத்தில், இத்தனை ஓசைக்கு நடுவே, இரண்டு பேர் இவ்வளவு சத்தமில்லாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அது அவளுக்கு ஏதோ தூரதேசத்துச் செய்தி போலிருந்தது.

"படி ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு மாமா. உங்ககிட்ட அப்பா சொல்லலையா?"

"இல்லையே." துண்டை மடித்தார். "சொல்லியிருந்தா நான் கேட்கணும். நான் கேட்டா அவன் பதில் சொல்லணும். அப்புறம் நாங்க எதைப் பேசறது?"

பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பெஞ்சின்மேல் வைத்தார். ரொட்டித் துண்டுகள், அவித்த முட்டை. பிரிக்கவில்லை. பிரிக்காமலேயே திரும்ப உள்ளே வைத்தார்.

"எத்தனை மணிக்கு?"

"நாலு மணிக்கு."

தலையாட்டினார். பிறகு, அவளைப் பார்க்காமல், "அம்மா என் மேல கோவமா இருப்பாங்க" என்றார்.

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கோவப்படட்டும், அதுல தப்பில்லை. யார் மேலயாவது படணும்ல. நான் வந்து நின்னு சங்கடம்னா வேண்டாம் பாப்பா. அவன்கூட எனக்கு நிறைய ஞாயித்துக்கிழமை ஆயிடுச்சு. இன்னிக்கு உங்களுக்கு விட்டுக்கொடுத்தா ஒண்ணும் குறைஞ்சிட மாட்டேன்." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் நல்ல காலின் பாதம் தரையை மெல்ல மெல்ல அழுத்திக்கொண்டிருந்தது, ஓடாத வண்டியில் பெடலை மிதிப்பதைப் போல.

அவள் எழுந்து சற்றுத் தள்ளிப் போய் அம்மாவுக்கு போன் செய்தாள். அம்மா முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னான்?"

"அம்மா, அப்பா மலையே ஏறலைம்மா."

"என்னடி உளர்றே?"

"மாசக்கணக்கா ஏறலையாம். வாசலுக்கு உள்ள ஒரு பெஞ்சு இருக்கு, அதுல உக்காந்துட்டிருந்திருக்காரு. இவருதான் அந்தப் பக்கத்துலேருந்து சுத்தி ஏறி இறங்கி வந்து பார்த்துட்டுப் போயிருக்காரு. அந்தக் காலோட. நான் இப்ப பார்த்தேம்மா, படியில எப்படி வந்தாருன்னு. அப்பா அவருகிட்ட எதுவுமே சொல்லலை. இவரும் கேட்கலை."

மறுமுனையில் நாற்காலிகளை இழுக்கும் சத்தம் கேட்டது. யாரோ "கொஞ்சம் இந்தப் பக்கம் பிடிங்க" என்றார்கள். அம்மா மூச்சு விடுவது கேட்டது, போனை இன்னும் காதில்தான் வைத்திருந்தாள்.

அவள் திரும்பிப் பார்த்தாள். டிரைவர் மாமா தண்ணீர் பாட்டிலைச் சாய்த்துத் துண்டின் நுனியை நனைத்து, ஏரிக்கரைச் சேறு படிந்த ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு ஷூ சுத்தமாகிவிட்டது. மடங்காத காலின் ஷூ கைக்கு எட்டவில்லை. குனிந்து பார்த்தார், பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தார். பிறகு துண்டைத் தரையில் விரித்து, அதன்மேல் பாதத்தை வைத்து, இப்படியும் அப்படியும் தேய்க்கத் தொடங்கினார்.

"அம்மா, அவரைக் கூட்டிட்டு வரட்டுமா?"